உன் அம்மா சொல்லச் சொன்னது

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினேன். மாதம் ஒரு கடிதம், கடிதத்துக்கு மூன்று வரி: சௌக்கியம், இங்கே மழை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீ பெங்களூர் போன இந்த ஏழு வருஷமாக அதுதான் உன் அளவு. இந்த முறை இன்லண்டு லெட்டரின் உள்பக்கம் முழுவதும் நிரம்பி, ஒட்டும் மடிப்பிலும் எழுத்து ஏறியிருந்தது. யாருக்கு என்ன ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் வாசலில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் உள்ளே வந்து, மீதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு தடவை படித்தேன்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து மூன்று மாதமாகியும் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியதாக எழுதியிருக்கிறாய். காதைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்கிறாராம் உன் மாமனார். வீட்டில் உன்னிடமும் உன் மனைவியிடமும் கிளி மாதிரி பேசுகிறவள், போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தபோது உள்ளே ஓடிப்போய்விட்டாள். நீயே அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, எல்லார் முன்னாலும் "வாயில என்ன வெச்சிருக்கறே?" என்று அதட்டினாய். அவள் அழவில்லை, உன்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் உனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று என்கிறாய். கடைசியில், மடிப்பில், கேட்டிருக்கிறாய்: "நான் அந்த வயதில் எப்படி இருந்தேன்? என்னைப் பற்றி அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள்?"

இருபத்தெட்டு வயதில் என்னிடம் நீ கேட்ட இரண்டாவது கேள்வி இது. முதல் கேள்வியை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை, அதையும் சொல்கிறேன். ஒரு தஸ்தா காகிதம் வாங்கி வைத்து, நான்கு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாகத்தான் போகும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். அலுவலகத்தில் படிக்காதே. உனக்குப் பிடித்த இடத்தில், தனியாக உட்கார்ந்து படி.

நீ ஊமையாக இருக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் ராயபுரம் வீட்டில் முன்கட்டில் நான்கு பனியன் மெஷின், பின்கட்டில் நாம். அடுப்படியில் உன் அம்மா மட்டும் இருந்தால் நீ பேசுவதை நிறுத்தவே மாட்டாய். எறும்பு எந்த வழியாகப் போனது, எங்கே திரும்பியது, எது எதைத் தூக்கிக்கொண்டு போனது என்று ஒரு மணி நேரம் சொல்வாய். மூன்றாவது ஆளின் நிழல் நிலைப்படியில் விழுந்தால் போதும், குழாயைத் திருகினது போல் நின்றுவிடும். முன்கட்டில் பனியனுக்குப் பிசிறு வெட்டும் பெண்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் போய், வெட்டி விழுந்த நூலைப் பொறுக்கித் தரையில் ஏதேதோ உருவம் செய்துகொண்டு, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாய். அவர்கள் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள், நீயும் ஒன்றும் சொல்ல மாட்டாய். அந்த நேரங்களில் உன் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். ஆனால் சொந்தபந்தம் வந்துவிட்டால் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது. "ஏனுங்க, பையன் பேசமாட்டானுங்களா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். சாதாரணமாகத்தான் கேட்பார்கள். எனக்கு அது கன்னத்தில் அறைந்தது போல் இருக்கும்.

உனக்கு ஆறு வயதில், அவிநாசிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நாட்டு வைத்தியரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். உன் அம்மா வேண்டாம் வேண்டாம் என்றாள். வைத்தியர் வசம்பைத் தேனில் உரைத்துக் கட்டை விரலால் உன் நாக்கில் அழுத்தித் தேய்த்தார். காரத்தில் உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நீ துப்பவில்லை, விழுங்கினாய். "பழனி முருகன்னு சொல்லு சாமி" என்றார். "பழனி முருகன்" என்று தெளிவாகச் சொன்னாய். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பையனுக்கு ஒண்ணுமில்லீங்க. உங்குளுக்குத்தான் பொறுமை பத்தலீங்க" என்றார். கோபத்தோடு எழுந்து வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாய். ஊர் நெருங்கும்போது என் கையைத் தொட்டுக் கேட்டாய்: "ஏனுங்கப்பா, நான் பேசறது உங்குளுக்குக் கேக்கறதில்லீங்களா?"

"கம்முனு வா" என்றேன். பேசவைப்பதற்காகக் கூட்டிக்கொண்டு போனவன் சொன்ன பதில் அதுதான். அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இனி நீ மடிப்பில் கடைசியாக எழுதிய கேள்விக்கு வருகிறேன். உன்னைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டுமானால், என்னைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இதுவரை உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி இது.

பனியன் கம்பெனி வைக்கும் முன்னால் நான் இன்னொருவர் கம்பெனியில் மெஷின் ஓட்டினேன் என்பது உனக்குத் தெரியும். அப்போதெல்லாம் கையால் சுற்றுகிற வட்ட மெஷின். ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால், மேலே நூல் இறங்க இறங்க, கீழே துணி குழாய் போல நீண்டு வரும். ஊசி ஒன்று உடைந்தால் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். அது விழுகிறதா என்று மட்டும் கண்ணை வைத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது அலுப்பான வேலை. எனக்கு அதைப் போல ஒரு சுகம் பிற்பாடு எதிலுமே வாய்க்கவில்லை. மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, அதனால் யாரும் என்னைப் பேசச் சொல்லவும் முடியாது. பத்து மணி நேரம் எனக்குள்ளேயே நான் இருப்பேன். வீடு திரும்பும்போது நடையே லேசாக இருக்கும்.

உன் பெரிய மாமன் எனக்கு நேர் எதிர். அவர் பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பாதிப்பேர் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தபோது பேச்சே அதுதான்: "மாப்ளே, நீங்க மெஷினப் பாருங்க, வாயி வேலைய நான் பாத்துக்கறேன்." நான்கு வருஷம் அப்படியே நடந்தது. மதுரைக்குச் சரக்கு கொண்டுபோன இடத்தில் ஒரு நாள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது உனக்கு ஐந்து வயது. பனியன் நெய்யத் தெரிந்தவன் இருக்கிறான், விற்கத் தெரிந்தவன் போய்விட்டான். மாமன் குடும்பமும் நம் குடும்பமும், வேலை செய்கிற பதினெட்டுப் பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் பேசக் கற்றுக்கொண்டேன். ரயிலில் கதவோரம் நின்று, வியாபாரியிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அவர் இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று ஒத்திகை. உள்ளே போனதும் மாமனின் குரலை எடுத்துப் போட்டுக்கொள்வேன். "ஏனுங்க மொதலாளி, சவுக்கியமுங்களா!" என்று நான் போடுகிற சத்தத்தில் கடையே திரும்பிப் பார்க்கும். திருப்பூரில் நன்றாகப் பேசுகிற ஆள் என்று எனக்குப் பேர் வந்துவிட்டது. கலியாணம், பஞ்சாயத்து, கோயில் கூட்டம் எதுவானாலும் என்னைக் கூப்பிட்டார்கள். வெளியூர் போய் வந்த மறுநாள் நான் என்ன செய்வேன் தெரியுமா? சரக்கு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, துணி உருளைகள் மேல் மல்லாந்து கிடப்பேன். காய்ச்சல் வந்தவன் போல உடம்பு நடுங்கும். யாராவது தேடி வந்தால் உன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "அவரு சரக்கு எண்ணீட்டு இருக்காருங்க. சித்த நேரம் கழிச்சு வாங்க." பதினாறு வருஷம் அந்தக் கதவுக்கு அவள்தான் காவல். ஒரு தடவைகூட என்னைக் கேலி செய்ததில்லை.

இப்போது உனக்குப் புரியும். நான் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டித் திரிந்துகொண்டிருந்தேன். நீயோ, என் ரத்தத்தில் பிறந்தவன், அதைப் போடாமலேயே என் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாயோ என்று பயந்தேன். உன்மேல் நான் காட்டினதெல்லாம் எனக்கு என்மேல் இருந்த வெறுப்பு. நீயும் என்னை மாதிரி பேசப் பழகிக்கொண்டால் பிழைத்துக்கொள்வாய் என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள இப்போது விருப்பமில்லை.

மண்ணரையில் நம் கம்பெனியின் புதுக் கட்டடம் திறந்த நாள் உனக்கு நினைவிருக்கும். வேண்டாம் என்றாலும் நினைவிருக்கும். உனக்குப் பதினைந்து வயது. வந்தவர்களை வரவேற்று நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று ஒரு மாதம் முன்பிருந்தே உன்னைப் படுத்தினேன். நானே எழுதிக் கொடுத்தேன். நீ மனப்பாடமும் செய்துவிட்டாய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்றாய். முந்நூறு பேர். உன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அது எனக்கு அத்தனை நன்றாகத் தெரிந்த நிலைமை. ரயில் கதவோரத்தில் நூறு தடவை நான் நின்ற நிலைமை. அந்த நொடியில் உன் தோளில் கை வைத்து, "போதும் சாமி, போய் உக்காரு" என்று சொல்லியிருக்கலாம். நான் மைக்கை வாங்கி, "மன்னிக்கோணுமுங்க, எம்பட பையனுக்கு ஊசி ஒண்ணு ஒடஞ்சு போயிருக்குதுங்க" என்றேன். பனியன்காரர்கள் கூட்டம், கட்டடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

உன் அம்மா அதற்கப்புறம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, சரக்கு அறைக் கதவத் தொறந்து அந்த முந்நூறு பேருக்கும் உங்களக் காட்டியிருந்தா எப்பிடி இருந்திருக்கும்?" என்று கேட்டாள். நான் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

நீ கோயமுத்தூரில் படம் வரைகிற படிப்புப் படிக்க வேண்டும் என்றபோது உன் அம்மாதான் எனக்கு எதிராக நின்றாள். படித்து முடித்து ஒரு வருஷம் கம்பெனியில் இருந்தாய். அந்த வருஷம்தான் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுத்துப் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொந்தமெல்லாம் திரண்டு வந்தது. சாத்துக்குடிப் பையோடு வருவார்கள், கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள், யார் யாருக்கு இதே நோவு வந்தது, யார் யார் பிழைத்தார்கள் என்று பேசுவார்கள். நானும் வாய் ஓயாமல் பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரே காவல் அப்போது பேச்சுதான், நிறுத்தினால் அழுதுவிடுவேன். அவள் எல்லாருக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு கண்ணை மூடாமல் கிடப்பாள். நீ எல்லாரும் போகும்வரை வெளியே நிற்பாய். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்துகொள்வாய்.

ஒரு நாள் வெளியே வந்தவனைப் பிடித்து, "அத்தன நேரமா என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலீங்கப்பா" என்றாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொறாமை என்று இப்போது தெரிகிறது. தினமும் ஊசி போட வருகிற நர்சம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். போகும்போது வாசலில் என்னிடம், "அம்மா தூங்கறது உங்க பையன் உள்ள இருக்கறப்ப மட்டுந்தானுங்க. மருந்துக்குக்கூட அப்பிடித் தூங்கறதில்ல" என்றார். கேட்டேன். கேட்டும் கேட்காதவன் போல் இருந்துவிட்டேன்.

உயிர் போவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு காலையில், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் என்னைக் கூப்பிட்டாள். குரல் வற்றிப்போயிருந்தது, காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். "ஏனுங்க, எனக்கு ஒண்ணு பண்ணோணும். நீங்களும் அப்பிடித்தான்னு அவன்கிட்ட ஒரு நாளைக்குச் சொல்லிப்போடுங்க. இந்த ஊட்டுல தான் ஒருத்தன்தான் இப்பிடின்னு நெனச்சுக்கிட்டிருக்கறான் எங்கண்ணு. நானிருக்கற வரைக்கும் பரவால்ல. நானில்லீன்னா அவனுக்குத் தொணை வேணும்." சொல்கிறேன் என்றேன். "சத்தியமாச் சொல்லுவீங்களா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தியமாக என்றேன்.

கருமாதி அன்றைக்கு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. பந்தலில் உறவெல்லாம் உட்கார்ந்திருந்தது. நீ அழாமல், ஒரு வார்த்தை பேசாமல், சொன்ன சடங்கையெல்லாம் செய்துகொண்டிருந்தாய். யாரோ, "பையன் இப்பிடி இருக்கறானேங்க" என்றார்கள். நான் சொன்னேன்: "அது மனுசனில்லீங்க, மரம். பெத்தவ போனதுக்கு வாயத் தொறந்து ஒரு சத்தம் போட்டானா? இவனுக்குப் பதிலா ஒரு தறிக்கட்டையப் பெத்திருக்கலாம் அவ." சத்தியம் செய்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால் என்னை அந்தப் பந்தலிலேயே விட்டுவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள்.

பெங்களூரில் அரசாங்க ஆபீஸில் வரைபடம் வரைகிற வேலை கிடைத்திருக்கிறது என்று அடுத்த வாரம் சொன்னாய். பெட்டியோடு வாசலில் நின்று, "போயிட்டு வாறனுங்கப்பா" என்றாய். நான் ஓடாத மெஷின் ஒன்றைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல், "ம்" என்றேன். உன் கலியாணத்துக்கு எழுதினாய்: "கோயிலில் வைத்திருக்கிறோம், முப்பது பேர்தான். நீங்கள் வந்தால் சந்தோஷம்." அப்பனைக் கூப்பிடுகிற லட்சணமா இது என்று கிழித்துப் போட்டேன், வரவில்லை. மனதில் இல்லாத ஒரு வார்த்தையைக்கூட நீ எழுதமாட்டாய், சந்தோஷம் என்று எழுதினால் அது நிஜமாகவே சந்தோஷம்தான் என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அதற்குள் பாப்பா பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் இருப்பது அவளுடைய ஒரே ஒரு போட்டோ. அதிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது கம்பெனியை உன் மாமன் மகன் பார்த்துக்கொள்கிறான். அப்பாவைப் போலவே நல்ல வாய். நான் வீட்டில் இருக்கிறேன். கூட்டங்களுக்குப் போவதில்லை, மைக் பிடிப்பதில்லை. மனைவி போனதில் ஆள் ஒடிந்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஒடிந்தது உண்மை, ஆனால் பேசாமல் இருப்பது அதனால் இல்லை. இருபது வருஷம் கழித்து என் சொந்தக் குரலுக்குத் திரும்பியிருக்கிறேன், அது சின்னக் குரல், அவ்வளவுதான். காலையில் எழுந்து காப்பி போட்டுக்கொள்கிறேன். முன்கட்டில் ஒரு பழைய கை மெஷினைச் சும்மா விடாமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலத்தில் நீ உட்கார்ந்திருந்த இடங்களில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆள் இல்லாத வீட்டின் அமைதி வேறு, நீ இருந்தபோது இந்த வீட்டில் இருந்த அமைதி வேறு. பக்கத்து அறையில் நீ வரைந்துகொண்டிருப்பாய், உன் அம்மா அடுப்படியில் இருப்பாள், யாரும் பேசமாட்டோம், ஆனால் மூன்று பேர் இருப்பது காற்றில் தெரியும். அதுதான் வேண்டியிருக்கிறது எனக்கு. உன் பேச்சுக்குக்கூட இல்லை கண்ணு, நீ பேசாமல் பக்கத்தில் இருப்பதற்கு ஏங்குகிறேன்.

இன்னும் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் முன்னால் நான் பெங்களூர் வந்தேன். மெஷினுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று இங்கே சொல்லிவிட்டு வந்தேன். சாமான் ஒன்றும் வாங்கவில்லை. உன் ஆபீஸுக்கு எதிரே ஒரு மரத்தடியில் நாலு மணியிலிருந்து நின்றேன். ஐந்து மணிக்குக் கும்பல் கும்பலாக வந்தார்கள், சிரித்துக்கொண்டு, முதுகில் தட்டிக்கொண்டு. கடைசியில் நீ தனியாக வந்தாய். பார், என் பிள்ளைக்கு ஒரு ஆள் இல்லை என்று நினைத்தேன். பின்னாலேயே நடந்தேன். நீ ஒரு பூங்காவுக்குள் போய், வேர்க்கடலை வாங்கிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாய். எதிரே ஒருவர் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அவர் கம்பியை வளைப்பதை, நூலைக் கோப்பதை, விரித்துப் பார்ப்பதை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வரைந்தாய். குடைக்காரர் உன்னைப் பார்த்துச் சிரித்தார், நீயும் சிரித்தாய், இருவரும் பேசவில்லை.

முப்பது அடி தள்ளி இன்னொரு பெஞ்சில் நான். உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. சம்பாதித்த நாளிலெல்லாம் நான் தேடியும் கிடைக்காத ஒன்றை நீ ஒரு பொட்டலம் கடலையோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தனியாக இருப்பவன் எல்லாம் தவித்துக்கொண்டிருக்கிறான் என்று ஊர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன், எனக்கே அப்படி இல்லை என்று தெரிந்தும். திருப்பூரில் ஏறினதிலிருந்து ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்: "உங்கம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாடா." எழுந்து முப்பது அடி நடந்து அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஊர்களில் முன்பின் தெரியாதவர்களிடம் வாய் கிழியப் பேசியவனால், பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. நான் வந்து நின்றால் அந்த முகம் மாறிவிடும் என்று தெரிந்தது. நீ கடிகாரத்தைப் பார்த்தாய், மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டுக் கிளம்பினாய். மகள் காத்திருப்பாள் என்ற நடை அது. தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஆகையால் இப்போது சொல்கிறேன், ஏழு வருஷம் தாமதமாக. நானும் அப்படித்தான் கண்ணு. உன்னிடம் ஒரு ஊசியும் உடையவில்லை. நீ எனக்குப் பிறந்தவன், என்னைப் போலவே பிறந்தவன். அதை ஒப்புக்கொள்ளும் தைரியம் உனக்கு இருந்தது, எனக்கு இல்லை.

பாப்பாவுக்கும் அதுவே. அவள் காதுக்கு ஒன்றும் இருக்காது; மாமனாருக்காக வேண்டுமானால் ஒரு தடவை காட்டிவிடு, மனது சமாதானமாகட்டும். டீச்சரிடம் நீயே போய்ப் பேசு. உனக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். எழுதி எடுத்துக்கொண்டு போ, அதில் வெட்கமில்லை. கூட்டத்தில் அவளை நிறுத்திப் பேசச் சொல்லாதே, அவள் அவளாகச் சொல்ல வரும்போது "கம்முனு வா" என்றும் சொல்லாதே. எல்லாரும் போனபிறகு அவளுக்குக் கொஞ்ச நேரம் விடு. அன்றைக்கு அதட்டியதற்கு இன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. நாலு வயதுக் குழந்தையிடம் என்ன மன்னிப்பு என்று நினைக்காதே. தள்ளிப்போட்டால் எத்தனை தூரம் போய்விடும் என்பதை இந்தக் கடிதத்தின் கனத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். முக்கியமாக, அப்பாவும் இப்படித்தான் என்று சொல்லிவிடு. ஒரு தடவை சொன்னால் போதும். ஒன்றே ஒன்றில் மட்டும் என்னைப் போல் இருந்துவிடாதே. ஊரெல்லாம் பேசிவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல் விட்டவன் நான். பேசாதவர்களுக்கும் அது வந்துவிடக்கூடும்.

எனக்கு அறுபது ஆகப் போகிறது. அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. வந்தால் ஒரு வாரம் இருப்பேன். அப்பாருக்கு வணக்கம் சொல்லு, பாட்டுப் பாடு என்று என் முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டாம். அவள் என்னோடு பேசாமலே அந்த வாரம் போனாலும் எனக்கு ஒன்றும் குறையாது. சாயங்காலம் நீ ஆபீஸிலிருந்து வரும்போது நானும் அந்தப் பூங்காவுக்கு வருகிறேன். இந்த முறை அதே பெஞ்சில் உட்காருகிறேன், நீ தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தால்.

நீளமான பதில் எழுத வேண்டும் என்று உன்னை வருத்திக்கொள்ளாதே. "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. அதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்வேன்.

அப்பா